பதினேழாவது வரியில் பூஜ்யம்

பட்டியலில் பதினேழாவது வரியில் பூஜ்யம் இருந்தது. சின்ன எண்ணாக இருந்திருந்தால் கடந்து போயிருப்பேன். புள்ளிக்குப் பின்னால் அச்சிட்ட ஆறு இடங்களிலும் பூஜ்யம்.

நான் பட்டியல் போடுகிறவள். கடைக்குப் போக, ஊருக்குப் போக, எல்லாவற்றுக்கும். ஒருவர் மேல் கோபப்பட வேண்டுமென்றால்கூட முதலில் காரணங்களை வரிசையாக எழுதிப் பார்ப்பேன். பாதி நாட்களில் மூன்றாவது காரணத்துக்குள் கோபம் போய்விடும். முனைவர் பட்ட ஆய்வும் எனக்கு ஒரு பட்டியலாகத்தான் வந்து வாய்த்தது.

எங்கள் துறை அடையாறில், மரங்கள் அதிகமும் மின்விசிறிகள் குறைவுமான ஒரு வளாகத்தில் இருக்கிறது. நாங்கள் கணக்குப் போடும் ஆய்வு உலை நகரத்துக்கு வெளியே, காலையில் தின்ற இட்லி செரித்துவிடுகிற தூரத்தில். மின்சாரம் தயாரிக்கிற பெரிய உலை இல்லை அது. தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சிறிய உலை, சோதனைகளுக்கானது. ஒரு யுரேனியம் அணு பிளந்தால் சில நியூட்ரான்கள் கிளம்பும். சில வெளியே ஓடிவிடும், சிலவற்றை வழியில் எதுவாவது விழுங்கிவிடும், மீதி அடுத்த அணுவைப் பிளக்கும். ஒவ்வொரு பிளவையும் சரியாக ஒரு பிளவு பின்தொடர்ந்தால் உலை தன்னைத்தானே நடத்திக்கொள்ளும். அதற்கு மாறுநிலை என்று பெயர். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டை எந்த உயரத்துக்குத் தூக்கினால் அந்த நிலை வரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் கணக்கு.

கணக்குக்கு வேண்டிய எண்களை நாங்கள் அளப்பதில்லை. இந்த வேகத்தில் வரும் நியூட்ரானை இந்த அணு விழுங்க எவ்வளவு வாய்ப்பு, திசை மாற்றி அனுப்ப எவ்வளவு வாய்ப்பு என்பதையெல்லாம் உலகெங்கும் பலர் பல ஆண்டுகளாக அளந்து கோப்புகளாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அளந்த எதிலும் கொஞ்சம் தெரியாமை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தெரியாமை எவ்வளவு என்பதும் அதே கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அது ஒவ்வொன்றும் என் விடையை எவ்வளவு ஆட்டும் என்று ஒரு வரிக்கு ஒன்றாகக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் முறைப்படி சேர்த்தால், விடை ஒற்றை எண்ணாக வராது. பட்டையாக வரும்: இதிலிருந்து இதற்குள். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அந்தப் பட்டைதான்.

துறையில் பட்டைக்கு மரியாதை கிடையாது. காரணம் ஒரு ஊறுகாய் ஜாடி.

உலையில் எரிபொருள் அடுக்கை மாற்றி அமைக்கும்போதெல்லாம் எங்கள் பொது அறையில் அந்தப் பீங்கான் ஜாடி அலமாரியிலிருந்து இறங்கும். தண்டு எந்த உயரத்தில் மாறுநிலை வரும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போடுவோம். உண்மை விடைக்கு மிக அருகில் எழுதியவருக்கு மற்றவர்கள் மயிலாப்பூரில் ரோஸ்மில்க் வாங்கித் தர வேண்டும். சீட்டில் ஒரே ஒரு எண்தான் இருக்கலாம். அதிக ரோஸ்மில்க் குடித்தவர் எங்கள் ஆய்வேடுகளை மதிப்பிடும் குழுவின் வெளி உறுப்பினர். நாங்கள் அவரைப் பெரிய சார் என்போம். அந்த உலைக்கு எங்களில் பலர் பிறப்பதற்கு முன்பிருந்தே கணக்குப் போடுகிறவர். கடைசி அடுக்கில் அவர் எழுதிய எண் உண்மையோடு மில்லிமீட்டர் அளவில் பொருந்தியது.

இந்த முறை மாற்றம் கொஞ்சம் பெரியது. எரிபொருளைச் சுற்றி, ஓடிப்போகும் நியூட்ரான்களை உள்ளே திருப்பி அனுப்ப ஒரு சுவர் உண்டு. இதுவரை அது கிராஃபைட்டாக இருந்தது. இப்போது பெரிலியம் வரப்போகிறது.

குழுவின் முன் நான் பட்டையைச் சொன்னேன். "முப்பத்தேழுலேர்ந்து நாப்பத்திமூணு சென்டிமீட்டர் சார்."

"இது ஜோசியம் மாதிரின்னா இருக்கு," என்றார் பெரிய சார். "வடக்கேர்ந்து நல்ல சேதி வரும், தெற்கேர்ந்தும் வரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

"நான் நாப்பதுன்னு சொல்றேன். போன அடுக்குல எவ்ளோ கரெக்டா பொருந்திச்சு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்ப உனக்கு மட்டும் இந்த அகலம் எங்கேர்ந்து வருது?"

"டேட்டாலேர்ந்து சார்."

"டேட்டா மேல பழியப் போடாதேம்மா. ஆபரேட்டர் உன் அறிக்கையக் கையில வெச்சுக்கிட்டு என்ன செய்வான்? அடுத்த மீட்டிங்குக்குப் பட்டையப் பாதியாக் குறைச்சுக்கிட்டு வா. இல்லன்னா இந்த சாப்டரே வேண்டாம்."

ஆறு அத்தியாயங்களில் அது நான்காவது. ஐந்தும் ஆறும் அதன் தோளில் ஏறி நின்றன. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு முன்னுரையும் நிறைய நன்றியுரையும்தான். என் வழிகாட்டி மேடம் வெளியே வந்ததும் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார்: "பதட்டப்படாதே. எது எது பெருசா இருக்குன்னு முதல்லேர்ந்து பாத்துண்டு வா. குறைக்க முடிஞ்சா குறை. முடியலேன்னா ஏன் முடியலேன்னு எனக்குச் சொல்லு."

எதைக் குறைக்கலாம் என்று மேலிருந்து கீழாக விரல் வைத்துக்கொண்டு போனபோதுதான் பதினேழாவது வரி தட்டுப்பட்டது. அந்த வரி பெரிலியம்: மெதுவாக வரும் நியூட்ரான்களைப் பெரிலியம் எப்படித் திருப்பி அனுப்புகிறது என்பது. உலையின் புதுச் சுவரே அதுதான். அதைப் பற்றிய தெரியாமை என் விடையைத் துளிகூட ஆட்டாது என்று பட்டியல் சொன்னது.

மறுநாள் ஞாயிறு. அப்பாவுக்கு தி. நகரில் மேட்சிங் கடை. புடவையை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பொருந்தும் ரவிக்கைத் துணியை அப்பா எடுத்துக் கொடுப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து கடை போட்டு நான் பிறந்து வளர்ந்து இத்தனை ஆன பிறகும் அப்பாவின் பேச்சு இன்னும் ரயில் ஏறவில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நான் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, ஒரு சைபரப் போட்டு எவ்வளவு நேரமாப் பாத்துக்கிட்டு இருப்ப?" என்றார் அப்பா. "அது குட்டியா போடப் போவுது?"

"போட்டுச்சுன்னா என் சாப்டர் போச்சுப்பா."

"அப்ப பாத்துக்கிட்டே இரி. அந்த மயில்கழுத்து ரோல எடுத்துக் குடுத்துட்டுப் பாரு."

எடுத்துக் கொடுத்தேன். வாங்க வந்த அம்மாள் புடவையைத் துணியோடு சேர்த்து வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "அப்படியே இருக்குதே. வெட்டிருங்க."

அப்பா கத்தரியை எடுக்கவில்லை. "வாசலுக்குக் கொண்டு போயி ஒரு தடவ பாத்துக்கிடுங்கம்மா."

"எதுக்குங்க? இங்கயே நல்லாத்தான் இருக்கு."

"இங்க டியூப்லைட்டு. நீங்க டியூப்லைட்டுக்கு அடியிலயேவா நிக்கப் போறீக?"

அந்த அம்மாள் முணுமுணுத்தபடி வாசலுக்குப் போனார். வெயிலில் புடவை பச்சைக்கும் துணி நீலத்துக்கும் பிரிந்துவிட்டன. திரும்பி வந்து சிரித்தார். இதை நான் சிறுமியாக இருந்தபோதிலிருந்து ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இரண்டு வேறு வேறு சாயக் கலவைகள் ஒரு விளக்கின் கீழே ஒன்றாகத் தெரியும், விளக்கை மாற்றினால் பிரியும். எங்கள் கடையில் வாசலுக்குப் போகாமல் எந்தத் துணியும் வெட்டப்படாது.

பெரிய சாரின் மில்லிமீட்டர் பொருத்தம் எனக்கு நினைவு வந்தது. கிராஃபைட் சுவருக்குள் பொருந்திய கணக்கு. ஒரு எண்ணில் உள்ள பிழை கொஞ்சம் மேலே தள்ளி, இன்னொன்றில் உள்ள பிழை கொஞ்சம் கீழே இழுத்து, இரண்டும் சேர்ந்து சரியாக வந்திருக்கலாம். சுவரை மாற்றினால்?

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பெரிலியம் கோப்பைத் திறந்தேன். கணினி நிரலை நம்பாமல் கோப்பையே வரி வரியாகப் படித்தேன். அணு விழுங்கும் வாய்ப்புக்குத் தெரியாமை கொடுக்கப்பட்டிருந்தது. வேகமான நியூட்ரான்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மெதுவான நியூட்ரான்கள் பெரிலியம் படிகத்தில் பட்டுத் திரும்பும் பகுதியில் ஒன்றும் இல்லை. யாரும் எழுதவில்லை. எங்கள் நிரல் அந்த இடத்துக்கு வந்து, ஒன்றும் இல்லாததைப் பார்த்து, பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தது. ‘எவ்வளவு தெரியாது என்று எவரும் சொல்லவில்லை’ என்பது ‘முழுக்கத் தெரியும்’ என்று மாறியிருந்தது. அந்த நிரலை அந்த இடத்தில் அப்படி இயக்கியவள் நானேதான், இரண்டு வருடமாக.

எதிர் மேசைக்காரனிடம் காட்டினேன். அவன் பட்டினப்பாக்கத்து மீன்காரர் வீட்டுப் பையன், உலையில் நியூட்ரான்களை எண்ணும் கருவிகள் அவன் ஆய்வு. நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான்.

"இன்னாத்த பாக்க சொல்ற? ஒன்னும் இல்லியே."

"அதைத்தான் பாக்கச் சொல்றேன்."

அவனுக்குப் புரியச் சில நொடி ஆனது. பிறகு மெதுவாக விசிலடித்தான். "அப்ப உன் பட்டை இன்னும் பெருசாவுமே."

"ஆகும்."

"மச்சி, அவுரு இன்னா சொன்னாரு? பாதியா கொறைன்னாரு. நீ இன்னா பண்ணப் போற? ஏத்திக்கினு போவப் போற." அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த வரி யாருக்கும் தெரியாது. வுட்ரு. மேல இருக்கறதுல ரெண்டு மூணு கொறைச்சிக்கினு போய் கையெழுத்து வாங்கு."

நான் ஒரு பட்டியல் போட்டேன். சொல்லாமல் விடுவதற்கான காரணங்கள் ஐந்து வந்தன, ஐந்தும் நல்லவை. சொல்வதற்கான காரணம் ஒன்றுதான்: அது அப்படித்தான் இருந்தது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் கழற்றினார். "நானும் இதைப் பாக்காம விட்டுட்டேனே," என்றார்.

கொடுக்கப்படாத தெரியாமையை எப்படிக் கணக்கிடுவது? வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு காலத்தில் பெரிலியம் படிகத்தைப் பற்றிச் செய்த அனுமானங்கள் வெவ்வேறு கோப்புகளாகக் கிடைக்கின்றன. படிகம் எவ்வளவு முழுமையானது, உள்ளே எவ்வளவு துகள் துகளாக இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றி மாற்றி உலையைக் கணக்கிட்டேன். கோப்பு மாற மாறத் தண்டின் உயரம் மாறியது. அதிலும் கீழே போனதைவிட மேலே போனதுதான் அதிகம். நிபுணர்களிடையே உள்ள அந்தக் கருத்து வேறுபாட்டைப் பதினேழாவது வரியில் வைத்தேன். பூஜ்யமாக இருந்த வரி பட்டியலின் முதல் வரியானது. பட்டை முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தேழு வரை அகலமானது.

இரண்டாவது கூட்டத்தில் அந்த எண்களைச் சொன்னதும் பெரிய சார் பேனாவை மேசையில் வைத்தார்.

"குறைக்கச் சொன்னதா எனக்கு ஞாபகம்."

"ஆமா சார்."

"அப்ப இது இன்னா கணக்கு?" கோபம் வந்தால் அவருக்கும் பட்டினப்பாக்கத்துப் பேச்சு வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

காலியாக இருந்த பகுதியைத் திரையில் காட்டினேன். "நீங்களும் இதே கோப்பைத்தான் வெச்சிருக்கீங்க சார். இங்க இருக்கற எல்லாரும் இதைத்தான் வெச்சிருக்கோம். அதனாலதான் எல்லார் கணக்கும் நாப்பதைச் சுத்தி வருது. பத்துப் பேர் சொல்ற மாதிரி தெரியுது. சொல்றது ஒரே கோப்பு."

"போன அடுக்குல பொருந்திச்சே!"

"சார், எங்கப்பாவுக்கு மேட்சிங் கடை. டியூப்லைட்டுல பொருந்தற துணி வெயில்ல பொருந்தணும்னு இல்ல. போன அடுக்கு கிராஃபைட். அது டியூப்லைட்டு."

அதிகம் பேசிவிட்டேனோ என்று நினைத்தேன். பெரிய சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கடை எங்க?"

சொன்னேன்.

"வாசல்ல கொண்டுபோயி பாருங்கன்னு உயிரை எடுப்பாரே, அவரா உங்கப்பா?" மேடம்கூடச் சிரித்துவிட்டார். "எங்க வீட்டம்மா அங்க போனா நான் மத்தியானச் சாப்பாட்ட மறந்துற வேண்டியதுதான். சரி. உலை சொல்லட்டும். நாப்பத்திமூணுக்குள்ள நின்னுச்சுன்னா நீ இந்த வரியத் தூக்கிட்டு, பட்டையையும் குறைச்சிட்டு வர்ற. அதைத் தாண்டி உன் பட்டைக்குள்ள நின்னா இந்த சாப்டர்ல ஒரு வரி மாத்தாம நான் கையெழுத்துப் போடறேன்."

"ஒரு தடவை உள்ள விழுந்தா பட்டை சரின்னு நிரூபணம் ஆகாது சார்," என்றேன்.

மேடம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மாறுநிலைக்கு ஏற்றும் நாளில் எங்களில் எதிர் மேசைக்காரன் மட்டும் உலையில் இருந்தான், எண்ணும் கருவிகளுக்காக. மீதிப் பேர் அடையாறில், பொது அறையில், தொலைபேசியைச் சுற்றி. ஜாடி நடுவில் இருந்தது. என் சீட்டை மேடம் வெளியே ஒட்டி வைத்திருந்தார், இரண்டு எண்கள் இருந்ததால் உள்ளே அனுமதி இல்லை.

உலையை ஒரேயடியாக ஏற்ற மாட்டார்கள். தண்டைக் கொஞ்சம் தூக்கி, நிறுத்தி, நியூட்ரான்களை எண்ணி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைக் கோடாக நீட்டினால் எங்கே மாறுநிலை வரும் என்று தெரியும். ஆரம்பத்தில் கோடு நம்பகமில்லாதது. போகப் போகத்தான் திருந்தும்.

பத்தரை மணிக்கு முதல் அழைப்பு. "கோடு நாப்பதுன்னு காட்டுது," என்றான்.

பெரிய சார் கை இரண்டையும் தேய்த்துக்கொண்டார். "ரோஸ்மில்க்ல ஐஸ் அதிகம் போடச் சொல்லணும்."

நான் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு அழைப்பு நேரம், தண்டின் உயரம், கோட்டின் எண் என்று மூன்று பத்தி போட்டேன்.

அடுத்த அழைப்பு: "நாப்பத்தொன்னு." கேண்டீனிலிருந்து டீ வந்தது. அதற்கடுத்து: "கோடு வளையுது, நாப்பத்திரெண்டரை." பெரிய சார் டீயைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அழைப்பே இல்லை. யாரோ ஜாடியைத் திறந்து, பொய்த்துப்போன சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்கள். முப்பத்தொன்பது. முப்பத்தொன்பதே முக்கால். நாற்பது. நாற்பதே கால். எல்லாம் ஒரே பக்கத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் தவறிப்போயிருந்தன.

மணி அடித்தது. மேடம் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"தண்டு நாப்பத்திமூணு தாண்டிச்சு. இன்னும் ஆவல."

நாற்பத்திமூன்று என் பழைய பட்டையின் விளிம்பு. அந்தப் பூஜ்யத்தை அப்படியே விட்டிருந்தால் நானும் இந்த நேரத்தில் அந்த மேசை மேல் கிடந்திருப்பேன். பெரிய சார் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பத்திநான்கு. நாற்பத்திநான்கரை. மின்விசிறி கிறீச்சிட்டது.

கடைசி அழைப்பில் முதலில் இரைச்சல்தான் கேட்டது, பின்னால் யாரோ கைதட்டுவது போல. பிறகு அவன் கத்தினான்: "ஆய்டுச்சு! நாப்பத்தஞ்சே கால்! அந்தப் பொண்ணு அங்கதான கீது? மச்சி, உன் பட்டையில குந்திக்கினு கீது, கேக்குதா?"

கேட்டது. அடையாறு முழுக்கக் கேட்டிருக்கும். நான் தாளின் மூன்றாவது பத்தியில் 45.25 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டேன். அளவுகோல் வைக்காமல் நேராக வந்த கோடு அது, இன்னமும் வைத்திருக்கிறேன். மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒரு மாணவி ஜாடியைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தாள்.

பெரிய சார் மட்டும் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் தவறினதால ஒன்னும் இல்ல," என்றார் கடைசியில். "கீழ்ப்பக்கம் தவறியிருந்தா? நாங்க எல்லாரும் நாப்பதுன்னு சொல்லிட்டு, அது முன்னாலயே வந்து நின்னிருந்தா?"

"அதுக்குத்தான் சார் முப்பத்தஞ்சுலேர்ந்து," என்றேன். "ஆபரேட்டர் அங்கேர்ந்தே ஒவ்வொரு தடவையும் தண்டைத் தூக்கற அளவைச் சின்னதாக்கிக்கலாம்."

முதல் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்கு, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேட்டர் என்ன செய்வான் என்பதற்கு, அன்றுதான் நான் பதில் சொல்லியிருந்தேன் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் கையை நீட்டினார். அத்தியாயத்தின் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தேன். ஒரு வரி மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

ஒரு முறை உள்ளே விழுந்ததால் நிரூபணமாகாது என்று நானே சொல்லியிருந்தேன், அதனால் அடுத்த இரண்டு வாரம் மேலும் கணக்குப் போட்டேன். பெரிலியம் கோப்பை மட்டும், படிகத்தைத் துகள்களாகக் கருதிய ஒரு கோப்பாக மாற்றியபோது, தவறிய இடைவெளியின் பெரும்பகுதி மூடிக்கொண்டது. அது இப்போது நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி. பட்டியலிலும் ஒரு மாற்றம் செய்தேன். கோப்பில் ஒன்றும் இல்லாத இடத்தில் எங்கள் நிரல் இனி பூஜ்யம் போடாது, ‘தெரியாது’ என்று எழுதி நின்றுவிடும். அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் பெயரைப் போட்டுக் காரணம் எழுத வேண்டும்.

மயிலாப்பூரில் பதினொரு பேர் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தர முன்வந்தார்கள். இரண்டு குடித்தேன். ஒன்றைப் பெரிய சாருக்குக் கொடுத்தேன். ஐஸ் அதிகம்.

மறு வாரம் ஜாடியின் மேல் அவர் கையெழுத்தில் புது விதி ஒட்டியிருந்தது: சீட்டில் இரண்டு எண்கள் எழுத வேண்டும். அடுத்த அடுக்குக்கு இன்னும் பல மாதம் இருந்தும் அதற்குள் ஒரு சீட்டு உள்ளே விழுந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். எதிர் மேசைக்காரன் எழுதியது: ‘தரையிலிருந்து கூரை வரை.’

"விதி அப்படித்தான கீது?" என்றான், முகத்தை மாற்றாமல். "நான்தான் ஜெயிப்பேன்."

நான் பேனாவை எடுத்து, பெரிய சாரின் விதிக்குக் கீழே இரண்டாவது விதியை எழுதினேன்: விடை உள்ளே விழுந்த பட்டைகளில் மிகக் குறுகியதற்கே ரோஸ்மில்க்.